கூம்பு ஸ்பீக்கரில் போன ஜெபக் குறிப்புகள்

போன மாதம் எங்கள் சபைக்குப் புது ஆயர் வருவதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. வாலிபப் பிள்ளைகள் எழுந்து எழுந்து பேசினார்கள். வருகிறவருக்குக் கீபோர்டு வாசிக்க வர வேண்டுமாம், ஆராதனையை லைவ் போடத் தெரிய வேண்டுமாம், இங்கிலீஷ் சரளமாக இருக்க வேண்டுமாம், கார் ஓட்டினால் இன்னும் நல்லதாம். நான் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் முழங்காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் கேஸை மூடினேனா என்ற நினைப்பு ஒரு பக்கம். இத்தனையும் தெரிந்த ஒருவர் நிஜமாகவே வந்துவிட்டால் அவரிடம் நாம் என்ன பேசுவது என்ற கவலை இன்னொரு பக்கம்.

என் வயதுக்காரர்களே, நம் காலத்தில் லைவ் ஏது? சர்ச் வாசலில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு கூம்பு ஸ்பீக்கர், அவ்வளவுதான். அந்த ஒன்றே நம்மை என்ன பாடு படுத்தியது என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் கோடையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளியை விட்ட வருஷம்தான் அது. கணக்குப் பரீட்சையை நினைத்து நினைத்து எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. காய்ச்சல் போன பிறகும் நான் போகவில்லை. அம்மாவுக்கும் கூட ஒரு கை தேவைப்பட்டது. எதிர்த் தெரு தறிக்காரர் வீட்டிலிருந்து பட்டுப் புடவைகளை வாங்கி வந்து, முந்தானை ஓரத்தில் தொங்கும் இழைகளைப் பிரித்துக் குஞ்சம் கட்டித் தருவது அம்மாவின் வேலை. ஐயம்பேட்டை போகிற சாலையில், நெசவாளர் தெரு முடிந்ததும் எங்கள் காலனி. காலனிக்கு நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சர்ச். அப்பா மின்சார வாரியத்தில் லைன்மேன். சபைக் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர்.

பெரிய ஆயர் டவுனில் இருந்தார். சுற்றிலும் உள்ள சின்னச் சின்ன சபைகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். அந்தக் கோடையில் அவருக்குக் கண் ஆபரேஷன். அதனால் இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பயிற்சிக்கென்று எங்களிடம் அனுப்பினார்கள். அவரை நாங்கள் சின்ன ஆயர் என்று கூப்பிட்டோம். தெற்கத்திக்காரர். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில். அப்பா அவரைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்தபோது சைக்கிள் கேரியரில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்து, மூடியில் ரோஜாப்பூ வரைந்த பெட்டி. இப்போது அந்த மாதிரிப் பெட்டியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. அப்பாவும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். பெட்டி நிறையப் புத்தகம். துணி கொஞ்சம்தான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை படித்தும் தீரவில்லையா என்று கவலைப்பட்டாள்.

அவரைப் பற்றி அப்பாவுக்கு முன்பே ஒரு சேதி வந்திருந்தது. அதை அம்மாவிடம் சொல்லும்போது நானும் கேட்டேன். இதற்கு முன் அனுப்பிய சபை, இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாம். நாமும் அப்படியே சொல்லிவிட்டால் கல்லூரியில் பெயரை அடித்துவிடுவார்களாம். பிள்ளை இல்லாமல் இருந்து பெற்றவள் அவருடைய தாய். பிறந்த அன்றே இவனை ஊழியத்துக்குத் தருகிறேன் என்று பொருத்தனை செய்தவள். அவர் வெறுங்கையோடு போய் நின்றால் அந்த அம்மா என்ன ஆவாள் என்று எனக்கு அன்றைக்கே கவலை பிடித்துவிட்டது. முகம் தெரியாத அந்த அம்மாவுக்காக நான் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன். எனக்குக் குடலில் பூச்சி என்று முடிவு செய்து அம்மா வேப்பிலையை அரைத்துக் கொடுத்தாள்.

ஓர் ஆயருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நம் பெரியவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. ஆர்மோனியக் கட்டை எந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிய வேண்டும். ஞானஸ்நானக் குழந்தையைத் தலை தொங்காமல் பிடிக்கத் தெரிய வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் பேச வேண்டும், தாலுகா ஆபீசில் பேச வேண்டும். யாருக்கு யார் என்ன முறை, எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை, கல்யாணப் பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, இதெல்லாம் தண்ணிபட்ட பாடாக இருக்க வேண்டும். கல்லூரியில் சின்ன ஆயருக்குச் சொல்லிக் கொடுத்ததோ எபிரெயமும் கிரேக்கமும்.

ஆனால் கிரேக்கத்தை நம் ஆட்கள் வெறுக்கவில்லை. வந்த புதிதில் டீக்கடைக்காரர், அவரும் கமிட்டி மெம்பர்தான், கொஞ்சம் சொல்லிக் காட்டச் சொன்னார். சின்ன ஆயர் பெஞ்சில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று சொன்னார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். எதிர்த் தெரு தறிக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கோயில் ஊரில் பிறந்து வளர்ந்தவர் அவர். புரியாத பாஷையில் தடங்கல் இல்லாமல் வந்தால்தான் அது சாமி காரியம் என்று அவருக்குக் கணக்கு. எத்தனை வருஷப் படிப்பு, அதில் எத்தனை மனப்பாடம் என்று விசாரித்தார். மனப்பாடம் அதிகமில்லை, புத்தகத்தைப் பார்த்துப் பொருள் சொல்லத்தான் பயிற்சி என்று சின்ன ஆயர் உண்மையைச் சொன்னார். தறிக்காரர் எங்கள் அப்பாவை இரக்கத்தோடு பார்த்தார்.

அதற்கப்புறம் பெரியம்மா வீட்டு ஜெபம் வந்தது. பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணி, பெண்கள் ஐக்கியத் தலைவி. பெரிய ஆயர் ஜெபம் பண்ணினால் பம்ப் ஸ்டவ்வில் வைத்த பால் பொங்கி, காபி கலந்து, அது ஆறியும் போகும். மிலிட்டரியில் இருக்கிற மகன், மாசமாக இருக்கிற மருமகள், கன்று போடாத மாடு, ஒழுகுகிற கூரை, ஒன்று விடாமல் சொல்லித்தான் ஆமென் போடுவார். அந்த நினைப்பில் பெரியம்மா பாலை ஏற்றிவிட்டு வந்து முக்காடு போட்டு உட்கார்ந்தாள். சின்ன ஆயர் புத்தகத்தைப் பிரித்தார். உலக சமாதானத்துக்காகவும் திருச்சபையின் ஒற்றுமைக்காகவும் அழகான தமிழில் வாசித்தார். ஆமென் என்றார். அடுப்பில் பாலுக்கு இன்னும் ஏடுகூடக் கட்டவில்லை.

பெரியம்மா முக்காட்டை எடுக்கவே இல்லை. இது முன்னுரை என்று நினைத்துவிட்டாள். முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் மெல்லக் கேட்டாள்.

“எங்க பையன் பேரே வரலியே ஐயா?”

“கடவுளுக்கு எல்லாம் தெரியும் அம்மா.”

“அவருக்குத் தெரியும் ஐயா. உக்காந்து கேட்டுக்கினு இருக்கிற எங்களுக்குத் தெரிய வேணாமா?”

சேதி காலனி முழுக்கப் பரவியது. புத்தகத்தைப் பார்த்து ஜெபம் பண்ணுகிறார், பெயர் சொல்வதில்லை. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அவர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் கூறவில்லை. தலையைக் குனிந்து ஒரு ஜெபம் பண்ணிவிட்டு இறங்கிவிட்டார். ஜனங்கள் அப்படியே நின்றார்கள், பஸ் நிற்காமல் போய்விட்ட மாதிரி. அபிஷேகம் பெற்று முழு ஆயர் ஆகாதவர் கையைத் தூக்கக் கூடாது என்பது முறை. அதை அப்பாதான் வாசலில் நின்று எல்லாருக்கும் விளக்கினார். ஹெல்பர் போஸ்டில் ஏறலாம், வயரைப் பிடிக்கலாம், ஆனால் லைனுக்குக் கரண்ட் விட அவனுக்கு அதிகாரம் இல்லை, அந்த மாதிரி என்றார். விளக்கம் எல்லாருக்கும் புரிந்தது, திருப்திதான் இல்லை. ஒரு கையை மட்டும், அதுவும் இடுப்பு வரைக்கும் தூக்கினால் என்ன என்று டீக்கடைக்காரர் கேட்டார். கமிட்டியில் அதைப் பற்றி நெடுநேரம் பேசினார்களாம். என் பங்குக்கு நான் அந்த வாரம் முழுக்க ரோட்டைத் தாண்டவில்லை. ஆசீர்வாதம் இல்லாமல் லாரிக்கு எதிரில் போவதா?

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கு அன்று என் கடைசி மகனைவிடக் குறைந்த வயதுதான் இருக்கும். அவரை மண்டு என்றார்கள், கர்வி என்றார்கள். இரண்டும் இல்லை, பயம். எங்கள் கொல்லையில் தறிக்காரர் வீட்டுச் சாய நூல் காய்கிற கொடிகளுக்கு நடுவில் நின்று பிரசங்கம் சொல்லிப் பார்ப்பார். கல்லூரியில் பேராசிரியர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு பின் வரிசையில் உட்காருவாராம். அந்தப் பழக்கத்தில் கொல்லையில் கட்டியிருந்த எங்கள் ஆட்டைப் பார்த்துக்கூட அவர் அவசரம் அவசரமாக முடித்தார்.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. பெயர் வேண்டுமா, பெயர் சொல்கிறேன். புத்தகம் வேண்டாமா, மனப்பாடம் பண்ணுகிறேன். இப்படி முடிவு செய்துகொண்டு வீடு வீடாகப் போனார். உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார்.

இங்கேதான் நம் ஜனங்களைப் பற்றி அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இது வேண்டும் என்று பெரிய ஆயரிடம் சொல்லலாம், அவர் வீட்டு மனிதர் மாதிரி. புதிதாக வந்த சின்னப் பையனிடம் தன் குறையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? மரியாதை என்ன ஆவது? அதே சமயம் வீடு தேடி வந்த ஊழியக்காரரை ஒன்றும் சொல்லாமல் அனுப்பவும் கூடாது. அதனால் எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். எங்களுக்கு ஆண்டவர் குறை வைக்கவில்லை ஐயா, ஆனால் பாருங்க, அந்த வீட்டுக்காரருக்குத்தான்...

எங்கள் வீட்டில் நடந்ததை நான் காதால் கேட்டேன். அப்பா சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே டீக்கடைப் பாலைப் பற்றிச் சொன்னார். அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா குஞ்சத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், அப்பாவைப் பற்றிச் சொன்னாள். “பாவம், மனசு நல்ல மனசுதான் தம்பி” என்று முடித்தாள். சின்ன ஆயர் பயபக்தியோடு தலையை ஆட்டினார். அன்றிலிருந்து கொல்லையில் மனப்பாடம் ஆரம்பித்தது. கிரேக்கத்தைவிட அது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நல்ல கூட்டம். இனி பெயர் சொல்லப் போகிறார் என்று தெரிந்து, வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கூம்பு ஸ்பீக்கர் வழக்கம்போல நெசவாளர் தெருவைப் பார்த்து இருந்தது. சின்ன ஆயர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். அவர் பெயர் சொல்லித்தான் ஜெபித்தார். நான் இங்கே பெயர் போடவில்லை, அவர்களுக்கெல்லாம் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

“கர்த்தாவே, எங்கள் பாட்டு வாத்தியாருக்குச் சுருதியோடு சேர்ந்து பாடும் கிருபையைத் தாரும்” என்றார்.

பாட்டு வாத்தியார் என்பவர் ஆர்மோனியம் வாசித்துப் பாடகர் குழுவை நடத்துகிறவர். பெரியம்மா முக்காட்டுக்குள்ளிருந்து கணீரென்று ஆமென் என்றாள்.

“எங்கள் பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மாவின் நாவுக்குக் காவல் வையும்.”

இந்த முறை ஆமென் ஆர்மோனியப் பக்கத்திலிருந்து வந்தது. பெரியம்மா முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

“டீக்கடை நடத்தும் சகோதரரின் பால் கேனைத் தண்ணீர்க் குழாயிலிருந்து விலக்கிக் காத்தருளும்.”

அப்பா சொன்ன ஆமென் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உள்ளம் உருகிச் சொன்ன ஆமென். அது வாயை விட்டுப் போவதற்குள் அடுத்தது வந்தது.

“மின்சார வாரியத்தில் பணி செய்யும் எங்கள் செயலாளர், காணிக்கைப் பை வரும் வேளையில் கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்துவிடாதபடி அவரை விழிப்பாய் வைத்திரும்.”

அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். அவள் வளையல் என் மணிக்கட்டில் பதிந்துவிட்டது. சின்ன ஆயர் நிறுத்தவில்லை. மனப்பாடம் செய்ததில் ஒன்றைக்கூட விடவில்லை. காலனியில் ஒரு வீடு தப்பவில்லை. நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த நிமிஷம் விழும் என்று.

மறுநாள் புடவை கொடுக்க வந்த தறிக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தறியை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் வந்ததைக் கேட்டாராம். “உங்க சின்ன ஐயரு இன்னா தெளிவா சொல்றாருமா. எங்க சங்கத்துத் தலைவருக்கு ஒரு நாள் இந்த மாதிரி சொல்ல முடியுமான்னு கேட்டுச் சொல்லு” என்றார். அம்மா புடவையைத் தலைகீழாக மடித்தாள்.

அந்த வாரம் காலனியில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: என்னைப் பற்றிச் சொன்னது யார்? அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை, பெரியம்மாதான் என்றார். பெரியம்மா எங்கள் வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிப் போனாள். அம்மா குஞ்சத்தில் முடிச்சைத் தப்பாகப் போட்டுப் போட்டு அவிழ்த்தாள். சின்ன ஆயருக்குச் சாப்பாடு போடும்போது அவர் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். அவர் சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அவரை அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். இருவருமாக வீட்டில் சோற்றை வீணாக்கினோம்.

சனிக்கிழமை காலை பெரிய ஆயர் வந்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. சர்ச்சுக்குள் கமிட்டி கூடியது. பெரியம்மா, பாட்டு வாத்தியார், டீக்கடைக்காரர், அப்பா. நானும் அம்மாவும் டீ கொண்டுபோனவர்கள் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டோம். போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. சின்ன ஆயர் நடுவில் நின்றார். தகரப் பெட்டியைக் காலையிலேயே கட்டிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

இவர் ஊழியத்துக்குத் தகுதியா இல்லையா, கல்லூரிக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று பெரிய ஆயர் கேட்டார். தகுதி இல்லை என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அப்பா கையைக் காட்டி அடக்கினார். செயலாளர் என்கிற முறையில் தெளிவாகப் பேசினார்.

“தம்பி, உன்ன அனுப்பணும்னு எங்களுக்கு ஆசை இல்ல. யார் யார் இன்னா சொன்னாங்கன்னு சொல்லிடு. நல்ல பிள்ளைன்னு நாங்களே சொல்லி அனுப்பறோம். காணிக்கைப் பை விசயம் யார் சொன்னது?”

அம்மா டீ குடித்து முடிக்காத டம்ளர்களையெல்லாம் எடுத்துத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். சின்ன ஆயருக்கு முகமெல்லாம் வியர்வை. அவர் தாயைப் பற்றி நினைத்திருப்பார். நானும் அந்த அம்மாவைத்தான் நினைத்தேன்.

“சொல்ல மாட்டேன் அண்ணாச்சி” என்றார். “ஜெபத்துக்கென்று சொன்னது. அது யார் வாயிலிருந்து வந்தது என்று நான் சொல்லக் கூடாது. எனக்கு இந்த ஊர்ப் பழக்கம் ஒன்றும் தெரியாது, தப்புச் செய்திருந்தால் அனுப்பிவிடுங்கள்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆனால் ஒருத்தர்கூடத் தனக்காக எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் அடுத்தவருக்காகத்தான் கேட்டீர்கள். இப்படி ஒரு சபையை நான் பார்த்ததே இல்லை.”

அவர் நிஜமாகவே அப்படி நினைத்தார். அதுதான் கொடுமை. பெரிய ஆயர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் ஒற்றிக்கொண்டார். ஆபரேஷன் பண்ணிய கண்ணில் தண்ணீர் வரக் கூடாதாமே என்று நான் அதற்கும் கவலைப்பட்டேன்.

அப்பா விடவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். உடனே டீக்கடைக்காரர் நிமிர்ந்தார். “அப்ப எனக்கும் தெரியணும்பா. என் பால பத்தி சொன்ன மகராசன் யாரு?”

அப்பா கமிட்டி நோட்டைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார். பாட்டு வாத்தியார் தன் சுருதியைப் பற்றிக் கேட்க எழுந்தார், பெரியம்மாவின் நாக்கைப் பற்றித் தான் சொன்னது நினைவுக்கு வந்ததோ என்னவோ, வேட்டியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியம்மாவுக்கும் அந்த நேரம் பார்த்துத் தொண்டை கரகரத்தது. ஒருவர் பெயர் வெளியே வந்தால் எல்லார் பெயரும் வரும் என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளங்கிக்கொண்டிருந்தது.

“அப்போ, கடைசி வரைக்கும் சொல்ல மாட்டீங்க?” என்று பெரிய ஆயர் கேட்டார்.

“மாட்டேன் ஐயா.”

முதலில் பெரியம்மாதான் பேசினாள். பிள்ளை அடக்கமான பிள்ளை என்றாள். குரல் வளம் இருக்கிறது என்றார் பாட்டு வாத்தியார். மனப்பாட சக்தியும் அபாரம் என்றார் டீக்கடைக்காரர். மற்றதெல்லாம் போகப் போகத் தெரிந்துகொள்வார், இந்தக் காலத்தில் யார் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டா வருகிறார்கள் என்று பேச்சு ஓடியது. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா டீக்கடைக்காரரைப் பார்த்தார். “தகுதின்னு சொல்லிடுங்க ஐயா” என்றார் பெரிய ஆயரிடம்.

சின்ன ஆயர் அழுதுவிட்டார். ஏன் தன்னை ஏற்றுக்கொண்டார்கள் என்று அவருக்குக் கடைசிவரை புரிந்ததாகத் தெரியவில்லை.

அன்று மதியம் எங்கள் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. மீன் வாங்குகிற நாளில் நடுத் துண்டு அப்பாவுக்கு. அது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அம்மா அதை எனக்கு வைத்ததில்லை. அப்பாவும் சின்ன ஆயரும் பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள். அகலமான, முள் குறைந்த நடுத் துண்டு சின்ன ஆயர் தட்டில் விழுந்தது. அப்பா தட்டில் வால்.

அப்பா தன் தட்டைப் பார்த்தார். சின்ன ஆயர் தட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா குழம்புச் சட்டிக்குள் எதையோ தொலைத்தவள் போலக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்தாள்.

சின்ன ஆயர் கள்ளங்கபடம் இல்லாமல் தன் தட்டை அப்பா பக்கம் தள்ளினார்.

“அண்ணாச்சி, துண்டு மாறி வந்துவிட்டது போல.”

அப்பா வாலைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்று, ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“மாறல தம்பி. சரியாத்தான் வந்துகீது. சாப்பிடு.”